சௌந்திரபாண்டியின் தண்ணீர்

மதுரை ஆஸ்பத்திரியில் சௌந்திரபாண்டியின் நெஞ்சைப் பிளந்து, பழுதான வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றை வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பிய பதினோராம் நாள் காலையில், மூன்று வருஷமாக வெறும் காற்றுகூட வராமல் கிடந்த தேரிப்பட்டி மில் காலனியின் பொதுக்குழாயில் தண்ணீர் வந்தது. ஒரே சீராக வரவில்லை. ஒரு வீச்சு வந்து நின்றது, பிறகு ஒரு வீச்சு, பிறகு இன்னொன்று, யாரோ பூமிக்கடியில் உட்கார்ந்து கையால் அள்ளி அள்ளி ஊற்றுவதைப் போல வந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருத்தர் வாயில் பிரஷ்ஷோடு பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் பெண்கள் குடங்களோடு வந்து வரிசை போட்டுவிட்டார்கள்.

மில் மூடிப் பல காலம் ஆகியிருந்தது. வேறு போக்கிடம் இல்லாத நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் நாலு பிளாக்குகளில் தங்கிப்போயிருந்தன. லாரித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வரும், வராமலும் போகும், வராத நாட்களில் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு மூன்று மைல் தள்ளியுள்ள தோட்டத்துக் கிணற்றுக்குப் போய் அந்தத் தோட்டக்காரனின் வசவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவார்கள்.

குழாய்க்கு எதிரே, பி பிளாக்கின் தரைத்தள வீடுதான் சௌந்திரபாண்டியுடையது. எடைமேடையில் லாரிகளை நிறுத்திச் சீட்டு எழுதும் வேலையில் இருந்தவரை, மூச்சு வாங்குகிறது என்று ஆறு மாதத்துக்கு முன்பே எடைமேடைக்காரர்கள் நிறுத்திவிட்டிருந்தார்கள். இப்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுத் தையல் தழும்பில் காற்றுப் பட உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் அவர் தும்மியபோது குழாய் ஒரு வீச்சைத் தவறவிட்டது. அவர் எழுந்து கழிவறைக்குப் போனபோது வீச்சுகள் நெருங்கி வந்தன, படுத்துத் தூங்கியபோது நூலாக இளைத்தன. வரிசையில் நின்ற ஒருத்தி உள்ளே போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உரக்க எண்ண, வெளியே இன்னொருத்தி குழாயைப் பார்த்து எண்ணினாள். எழுபத்திரண்டில் இருவரும் சேர்ந்து நிறுத்தினார்கள்.

யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. குழாய் ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்தார், இந்தக் குழாய்க்கு எந்த இணைப்பும் இல்லை என்று தாளில் எழுதினார், ஒரு செம்பு வாங்கிக் குடித்தார், கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறதே தவிர நல்ல தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். பருப்பு அதில் சீக்கிரம் வெந்தது. சோப்பு நுரைத்தது. அதற்கு மேல் தண்ணீரிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று காலனி நினைத்தது.

சீனித்தாய்க்கு அதுவரை காலனியில் மதிப்பென்று ஒன்று இருந்ததில்லை. சௌந்திரபாண்டியின் மனைவி, பிள்ளையில்லாதவள், சீமந்தத்துக்குக் கூப்பிடப்படாதவள், கூப்பிட்டாலும் பின்வரிசையில் உட்கார்ந்து தேங்காய் பழத்தை வாங்கிக்கொண்டு எழுந்து வருகிறவள். இப்போது அவளுடைய குடம்தான் முதல் குடம். "மதினி, நீங்க பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை விடுங்க" என்றார்கள். பொங்கலென்றால் அவள் வீட்டுக்கு முதல் தட்டு வந்தது. வரிசையில் யாராவது முந்தினால் அவள் முகத்தைத்தான் நியாயத்துக்குப் பார்த்தார்கள். ஐம்பது வயதில் அவளுக்கு நடை மாறியது, குரல் மாறியது, கொண்டையில் பூ ஏறியது.

சௌந்திரபாண்டிக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. "வேலைக்கு லாயக்கில்லைன்னு அனுப்பிட்டாங்க. இப்பப் பாரு, சும்மா உட்கார்ந்தே நூறு வீட்டுக்கு உலை வைக்கிறேன்" என்று அவர் சொல்லிச் சிரிக்கும்போது குழாயும் குலுங்கிக் குலுங்கி ஊற்றியது.

காலனிச் சங்கச் செயலாளர் குருவையா ஒழுங்குமுறைகள் கொண்டுவந்தார். காலையில் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் சௌந்திரபாண்டி தூங்கக்கூடாது. ஏழு மணிக்குக் காலனியை இரண்டு சுற்று நடக்கவேண்டும், துணைக்கு ஒருவர் போகவேண்டும். சித்திரை வந்து மற்றக் கிணறுகள் வற்றி, பக்கத்து ஊர்க்காரர்களும் குடத்தோடு வரத் தொடங்கியபோது இரண்டு சுற்று நாலானது. கடைசி பிளாக்கின் மூன்றாம் மாடிக்காரர்கள் தங்கள் முறை வரும்போது வீச்சு இளைத்துவிடுகிறது என்று முறையிட்டார்கள். அவர்களில் ஒருத்தர்தான் கண்டுபிடித்தார், கெட்ட செய்தி சொன்னால் தண்ணீர் நன்றாக வருகிறதென்று. அதற்கும் முறை வைத்தார்கள். ஒரு நாள் எடைமேடைக் கூட்டாளி லாரியில் அடிபட்டார், ஒரு நாள் சித்தப்பா மகன் தூக்கில் தொங்கினார், ஒரு நாள் ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்த வால்வு வகை முழுவதையும் கம்பெனி திரும்பப் பெறுகிறதாம் என்று பத்திரிகை படிப்பதைப் போல ஒருத்தர் படித்தார். பாதிக்கு மேல் பொய் என்று சௌந்திரபாண்டிக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகு நெஞ்சு அசையவில்லை.

அப்போதுதான் தவமணி டீச்சர் டப்பாவோடு வந்தார்.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். சத்துப் பவுடர் விற்கும் கூட்டத்தில் சேர்ந்து, சங்கிலியாக ஆள் சேர்த்து, மாவட்ட அளவில் மாலை வாங்கியவர். பொய் சொல்கிற மனுஷி இல்லை. அவருடைய முழங்கால் வலி அந்தப் பவுடரில்தான் போனது என்று உண்மையாகவே நம்பினார். பச்சை மூடி டப்பாவை மேஜையில் வைத்து, அளவுக் கரண்டியால் ஒரு கரண்டி எடுத்துச் சீனித்தாயின் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.

"இது மருந்தே இல்ல சீனி. உணவு. இருபத்தேழு மூலிகை. டப்பால இருதயம் படம் போட்டிருக்கு பாரு."

"டாக்டரம்மா எதுவும் கேக்காமக் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காக டீச்சர். ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு மாத்திரை சாப்பிடுறாக. கீரைகூட ஒரு நாள் கூடுதல், ஒரு நாள் குறைச்சல்னு சாப்பிடக் கூடாதாம்."

"அவங்க படிச்சது மாத்திரையப் பத்தி. இதப் பத்தி அவங்க பாடத்துலயே கிடையாது. இயற்கையா விளைஞ்சது என்ன செஞ்சிடப் போகுது?"

அந்த மாதம் ரத்தப் பரிசோதனைக்கு மதுரை போனபோது சீனித்தாய் கேட்டுப் பார்த்தாள். டப்பா என்று சொல்லவில்லை, சத்துமாவு மாதிரி ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டாள். இருதய டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். சின்ன வயசுக்காரி, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என்ன மாவு?"

"மூலிகைதான். இயற்கை."

"அரளி விதையும் இயற்கைதாம்மா. இவர் சாப்பிடுற மாத்திரை ஒரு நூல்மேல நிக்குது. ஒரு பக்கம் சாஞ்சா வால்வுல ரத்தம் கட்டிக்கும், இன்னொரு பக்கம் சாஞ்சா உள்ளுக்குள்ள எங்கயாவது கசியும். பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், மஞ்சள் கேப்சூல், இதெல்லாம் மத்தவங்களுக்கு ஒண்ணும் செய்யாம இருக்கலாம், இவருக்குச் செய்யும். சுறுசுறுப்புக்குன்னு விக்கிற பவுடர்ல என்ன கலந்திருக்குன்னு விக்கிறவங்களுக்கே தெரியாது. எதுவா இருந்தாலும் டப்பாவோட எங்கிட்ட கொண்டுவாங்க. நான் பாத்துச் சொல்றேன்."

கொண்டுவருகிறேன் என்று சீனித்தாய் சொன்னாள். அவர்கள் மதுரையிலிருந்த அந்தப் பகல் முழுக்கக் காலனிக் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது நிறுத்தத்திலிருந்து வீடுவரை இருபக்கமும் காலிக் குடங்களோடு ஆட்கள் நின்றார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் சீனித்தாய் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய் டீச்சர் வைத்துவிட்டுப் போன டப்பாவிலிருந்து ஒரு கரண்டிப் பவுடரைப் பாலில் கலக்கி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தாங்க, குடிங்க."

"டாக்டரம்மா என்ன சொன்னா?"

"கொஞ்சமாச் சாப்பிட்டாத் தப்பில்லன்னுதான் சொன்னாக. உங்களுக்குக் காதுல விழல."

அவர் அவளைப் பார்த்தார். அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஆனாலும் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் குழாய் சீறியது. பிளாஸ்டிக் குடத்தை இரண்டு கையால் பிடிக்கவேண்டியிருந்தது. ரப்பர் ஹோஸ் மாட்டியவர்களுக்கு மூன்றாம் மாடித் தொட்டிக்கே நேராக ஏறியது. வருஷக்கணக்கில் துவைக்காத ஜமுக்காளங்களைத் துவைத்தார்கள், பைக்குகளைக் கழுவினார்கள், டி பிளாக்கில் ஒருத்தர் வாழைக்கன்று நட்டார். சௌந்திரபாண்டி வாசலில் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தபடி, உதடு உலர்ந்து, கண் விரிந்து உட்கார்ந்திருந்தார்.

"உள்ள யாரோ படியேறி ஓடுற மாதிரியே இருக்கு" என்றார்.

"சத்து ஏறுது அண்ணாச்சி. அப்பிடித்தான் இருக்கும்" என்றார் குருவையா.

ஒரு டப்பா வழி திறந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் பங்குக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். குவைத்திலிருந்து வந்தவன் மீன் எண்ணெய்க் குப்பி கொண்டுவந்தான். உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தவன் ஆரஞ்சு வாசனையடிக்கும் தூள் கொண்டுவந்தான். பூண்டு கேப்சூல், மஞ்சள் கேப்சூல், கூடாரம் போட்டு விற்கிறவனிடம் வாங்கிய கறுப்பு லேகியம், வெளிநாட்டு இலையின் சாறென்று ஒரு புட்டி. மீன் எண்ணெயும் பூண்டும் சேர்ந்த வாரத்தில் தண்ணீர் முன்னைவிட மெலிதாக, சத்தமில்லாமல், எண்ணெய் ஒழுகுவதைப் போல வழவழவென்று வந்தது, அதைப் பெண்கள் மெச்சினார்கள். எந்த வீட்டு மருந்துக்கு எத்தனை குடம் என்று பேச்சு வந்தது, பேச்சு போட்டியானது, கொண்டுவந்தவர்கள் அவர் விழுங்கும்வரை எதிரே நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

ஆடி மாதம் அவர் உடம்பில் நீலத் திட்டுகள் பூத்தன. நாற்காலியின் கை அழுந்திய இடத்தில், சீனித்தாய் தூக்கிவிட்ட அக்குளில், பெல்ட் உரசிய இடுப்பில். பல் விளக்கினால் நுரை சிவந்தது. ஒரு நாள் முகம் மழித்தபோது தாடையில் பட்ட சிறு கீறல் மத்தியானம்வரை நிற்காமல் கசிந்து பனியனை நனைத்தது. அன்று அவர் பவுடர், கேப்சூல், லேகியம் எல்லாவற்றையும் தட்டோடு நகர்த்திவிட்டார்.

"போதும் சீனி. எனக்குப் பயமா இருக்கு."

அவள் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை மட்டும் கொடுத்தாள். இரண்டு நாளில் குழாய் பழைய நடைக்கு வந்தது, நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் பக்கத்து ஊருக்கும் வாழைக்கன்றுக்கும் அது போதவில்லை. மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலிலிருந்து குழாய்வரை காலிக் குடங்கள். ஆட்களைக் காணோம், குடங்கள் மட்டும் வாய் திறந்து வீட்டைப் பார்த்து நின்றன. வெயில் ஏறிய பிறகு குருவையா வந்தார். தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, உங்களக் கட்டாயப்படுத்த நாங்க யாரு? உடம்பு உங்களது. ஏ பிளாக்ல நேத்துப் பிறந்த புள்ளைக்குத் துணி அலச ஒரு வாளி இல்ல, அதையும் நான் உங்ககிட்டச் சொல்ல வரல. நீங்க நல்லா இருக்கணும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு தோணுச்சு. எடைமேடையில இருந்தப்போ உங்களத் தேடி யாராச்சும் வாசலுக்கு வந்திருக்காங்களா?"

சௌந்திரபாண்டி வாசலில் நின்ற குடங்களை ஒரு முறை பார்த்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டிய தேதியன்று காலனியில் முளைப்பாரி, அன்றைக்குத் தண்ணீர் நிற்கக்கூடாது என்று ஒத்திப்போட்டார்கள். அடுத்த வாரம் யாருக்கோ காதுகுத்து. அதற்கடுத்த மாதத் தேதியை யாரும் ஞாபகப்படுத்தவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. நன்றாக இருக்கிறார், திருப்பூர் போயிருக்கிறார் என்று சீனித்தாய் சொன்னாள்.

ஆவணியில் குருவையாவின் மகளுக்குக் காலனி மைதானத்திலேயே கல்யாணம். அறுநூறு பேருக்குப் பந்தி. முந்தின நாளிலிருந்தே பவுடரை இரண்டு கரண்டியாக்கினார்கள். கல்யாணக் காலையில் சமையல்காரர் அண்டாக்களைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிட்டு, தண்ணீர் போதுமா என்று கேட்டதும், சௌந்திரபாண்டிக்கு மூன்றாவது கரண்டியைத் தவமணி டீச்சரே கலக்கிக் கொடுத்தார். தலை வலிக்கிறது என்றார் சௌந்திரபாண்டி. கல்யாணச் சத்தம் என்றார்கள். வலது கை மரத்திருக்கிறது என்றார். ஒருக்களித்து உட்கார்ந்திருப்பீர்கள் என்றார்கள். குழாய் அதுவரை கண்டிராத வேகத்தில் கொட்டியது, வீச்சுக்கும் வீச்சுக்கும் இடைவெளியே இல்லாமல் ஒரே கம்பியாகக் கொட்டியது, பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். எட்டாவது அண்டாவில் தண்ணீர் லேசாகச் சிவந்து வந்தது.

"துரு" என்றார் சமையல்காரர். "பழைய குழாய்தானே. சாம்பார்ல தெரியாது."

சீனித்தாய் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். சௌந்திரபாண்டி அவளிடம் ஏதோ சொல்ல முயன்றார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வார்த்தை எச்சிலாக ஒழுகியது. அவள் அலறினாள். மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் ஒன்று மைதானத்தில் நின்றது, அதன் டிரைவரைத் தேடினார்கள். அவர் தன் ஊருக்குக் கொண்டுபோக இரண்டு கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார், இதோ, இது நிரம்பட்டும் என்றார். நிரம்பியது. வேன் காலனி வளைவைத் தாண்டும்போது பின்னால் குழாய் ஒரு முறை விக்கி, நீளமாகக் காற்றை ஊதி, நின்றது. பந்தியில் மூன்றாவது வரிசை உட்கார்ந்திருந்தது.

மண்டைக்குள் ரத்தம் கசிந்து இறந்ததாக வழியிலிருந்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து, அதே வேனில் திருப்பி அனுப்பினார்கள். கல்யாண வீட்டில் சாவு தெரியக்கூடாது என்று குருவையா கேட்டுக்கொண்டதால் பெண் மாப்பிள்ளை கிளம்பும்வரை உடலை வண்டியிலேயே வைத்திருந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குக் குளிப்பாட்டவேண்டும். சீனித்தாயின் வீட்டில் தண்ணீர் இல்லை. முதல் குடம் அவளுடையது என்பதால் அவள் ஒருநாளும் சேர்த்துவைத்ததில்லை, நாளைக்கும் முதல் குடம் இருக்கிறது என்றிருந்தாள். அவளே குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஏ பிளாக்கில் முதல் வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்து, "அய்யோ மதினி, சமையலுக்கே இல்லையே" என்றாள், அவள் முதுகுக்குப் பின்னால் நீல டிரம் மூடி போட்டு, மூடிக்கு மேல் கல் வைத்து நின்றது. அடுத்த வீட்டில் ஆளில்லை என்று உள்ளேயிருந்தே குரல் வந்தது. வாழைக்கன்று நட்டவர் வெளியே வந்து கும்பிட்டு, அண்ணாச்சி தெய்வம், தெய்வம் என்று கண் கலங்கிச் சொல்லிவிட்டு, இனிமேல் எங்கேயிருந்து வரும் என்று தெரியாதபோது எப்படித் தருவது என்று அவளிடமே நியாயம் கேட்டார். பிறந்த பிள்ளையின் தாய் கதவை மெதுவாக, சத்தம் வராமல் சாத்தினாள். நாலு பிளாக்கையும் மூன்று மாடிகளையும் சீனித்தாய் ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் அவர் இருந்தார், டிரம்மிலும் தொட்டியிலும் அண்டாவிலும் குழந்தையின் பால் புட்டியிலும் இருந்தார், ஒரு வீட்டிலும் அவரைக் கொடுக்க மனமில்லை.

தவமணி டீச்சர்தான் ஒரு குடம் கொடுத்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. தன் கையாலேயே மொண்டு ஊற்றி, சீனித்தாயின் இடுப்பில் ஏற்றிவிட்டு, படிவரை கூடவே வந்தார்.

"சீனி, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. பிரிக்காத டப்பா ரெண்டு உங்க வீட்ல இருக்கும். சி பிளாக் ஞானமுத்துவுக்குப் போன வாரம் நெஞ்சு அடைச்சுச்சாம், ஆஸ்பத்திரியில இருதயத்துல குழாய் வச்சு விட்டிருக்காக. காலையில குருவையாவும் சங்கத்து ஆளுகளும் அவரப் பாக்கப் போறாக."

"எடுத்து வைக்கிறேன் டீச்சர்" என்றாள் சீனித்தாய்.

வாசலில் பெஞ்சின் மேல் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். செம்பு செம்பாக அவள் ஊற்றினாள். தழும்பின் மேல், நீலத் திட்டுகளின் மேல், இழுத்துக்கொண்டே நின்றுவிட்ட வாயின் மேல் தண்ணீர் விழுந்தது. காலையில் பிடித்த தண்ணீர், இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. முதல் இரண்டு செம்பைத் தாராளமாக ஊற்றிவிட்டாள். மூன்றாவதை விரல்களால் தெளித்துத் தேய்த்தாள். நாலாவதில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தாள். கால்கள் பாக்கி இருந்தன.

"ஊத்தும்மா, இன்னும் அரைக் குடம் இருக்கே" என்றார் மறைப்புப் பிடித்திருந்த ஒருவர்.

"போதும்" என்றாள் அவள்.

பெஞ்சிலிருந்து அவரைத் தூக்கிப் பாடையில் வைக்கும்போது எல்லோரும் சேர்ந்து குனிந்தார்கள். அந்த நேரத்தில் சீனித்தாய் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறை மூலையில் அதை இறக்கினாள், பொருத்தமான மூடி ஒன்றைத் தேடி எடுத்து மூடினாள், மூடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு, அழுவதற்காக வெளியே வந்தாள்.